கண்ணாடிக்குப் பின்னால் ஒரு படைப்பிரிவு

பிரிட்டிஷ் ஓவியர் எரிக் கென்னிங்டன் 1916-ல் காட்சிக்கு வைத்த 'லாவென்டியில் கென்சிங்டன் படையினர்' என்ற ஓவியம் (லாவென்டி பிரான்ஸில் ஓர் ஊர், கென்சிங்டன் லண்டன் படைப்பிரிவு) கேன்வாஸில் தீட்டியது இல்லை. கண்ணாடித் தகட்டின் பின்பக்கத்தில் எண்ணெய் வண்ணம், பார்ப்பது முன்பக்கத்திலிருந்து. அகலம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்!

இந்த முறையில் வரிசையே தலைகீழ். கேன்வாஸில் கடைசியாக வைக்கும் கண்ணின் ஒளிப்புள்ளி, முகச் சுருக்கம் எல்லாம் இங்கே முதலில். பிறகு தோல் நிறம், உடுப்பு. பின்னணி கடைசியில்தான். இடம் வலமாக மாறுவதையும் கணக்கில் வைக்க வேண்டும். முதல் கோடு பிசகினால் மேலே பூசி மறைக்க வழியில்லை, பார்ப்பவர் கண்ணுக்கு முன்னால் நிற்பதே அதுதான். சுரண்டித்தான் எடுக்கணும். கண்ணாடி வழுவழுப்பு என்பதால் வண்ணம் நாளடைவில் உரியும் ஆபத்தும் உண்டு.

முதல் உலகப் போரில் இதே படைப்பிரிவில் இருந்து, 1915 ஜனவரியில் காலில் காயம்பட்டுத் திரும்பியவர் கென்னிங்டன். கூட இருந்த சிப்பாய்களின் களைத்த முகங்களைத்தான் தீட்டினார், தன் முகத்தையும் அவர்களோடு சேர்த்து.