டைனரில் என்ன சொல்லலாம்: மெனுவை விடுங்கள், கல்லைப் பாருங்கள்

டைனர் என்னும் அமெரிக்கச் சாதாரண உணவகத்தில் உட்கார்ந்ததும் கையில் தரும் மெனுவைப் பார்த்தாலே தலை சுற்றும். லேமினேட் செய்த பத்துப் பன்னிரண்டு பக்கங்கள். ஆம்லெட்டில் ஆரம்பித்து பான்கேக், பர்கர், ஸ்பாகெட்டி, இறால், ஸ்டேக், கைரோ என்று போய் சீஸ்கேக்கில் நிற்கும். காலைப் பலகாரம் எந்த நேரமும் கிடைக்கும் என்ற வரி வேறு. எல்லாமே நன்றாக இருக்கும் என்று நம்பி ஏதோ ஒன்றில் விரலை வைத்தால், ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சுட்ட மீன் வந்து சேர வாய்ப்பு அதிகம்.

மெனு எவ்வளவு நீளமானாலும் உள்ளே இருக்கும் சாமான்கள் கொஞ்சம்தான். நீளமான இரும்புக் கல் ஒன்று; கிரிடில் என்றும் ஃப்ளாட் டாப் என்றும் சொல்வார்கள், நம்மூர் பரோட்டாக் கடைக் கல்லை நீளவாக்கில் இழுத்த மாதிரி இருக்கும். பிறகு ஆழமான எண்ணெய்ச் சட்டிகள், மேலிருந்து அனல் அடிக்கும் பிராய்லர், டோஸ்டர், சூப்பையும் கிரேவியையும் சூடாக வைத்திருக்கும் ஸ்டீம் டேபிள். கல்லில் விழுந்து எழுந்து நேராகத் தட்டுக்கு வருவதைச் சொன்னால் டைனர் உங்களை ஏமாற்றாது. கல்லைத் தாண்டிப் போகப் போக ரிஸ்க் கூடும்.

இதற்குக் காரணம் டைனரின் பிறப்பிலேயே இருக்கிறது. 1872இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் வைத்து ராத்திரி வேலைக்காரர்களுக்குச் சாப்பாடு விற்றதைத்தான் டைனரின் தொடக்கமாகச் சொல்வார்கள். பின்னால் நியூ ஜெர்சியின் ஜெர்ரி ஓமஹோனி, மாசசூசெட்ஸின் வுஸ்டர் லஞ்ச் கார் போன்ற கம்பெனிகள் ரயில் பெட்டி மாதிரிக் குறுகலான டைனர்களைத் தொழிற்சாலையிலேயே கட்டி, கொண்டுபோய் இறக்கின. அந்த அகலத்துக்குள் ஒரு கவுண்டர், அதற்கு எதிரே ஒரு கல், நடுவில் ஒரு ஆள். அந்த ஒரு ஆளால் என்ன முடியுமோ அதுதான் மெனுவாக இருந்தது. கட்டடம் பெரிதான பிறகுதான் மற்ற பக்கங்கள் வந்து ஒட்டிக்கொண்டன.

தனியாகவோ இரண்டு பேராகவோ போனால் பூத்துக்கு (எதிரெதிர் பெஞ்சு போட்ட மேஜை) காத்திருக்காமல் கவுண்டர் ஸ்டூலில் உட்காருங்கள். பழைய டைனர்களில் அங்கிருந்தே கல் தெரியும். உருளைக்கிழங்கு மூலையில் குவிந்து கிடக்கிறதா, பரப்பி வைத்து முறுகுகிறதா, எந்தத் தட்டு அடிக்கடி போகிறது என்று இரண்டு நிமிடம் கவனித்தாலே பாதி முடிவு எடுத்த மாதிரி.

முட்டைக்கு வருவோம். "எக்ஸ், எப்படி வேண்டும்?" என்ற கேள்வி உடனே வரும். மஞ்சள் ஓடுகிற நம்மூர் ஆஃப் பாயில்தான் சன்னி சைட் அப். திருப்பிப் போட்டு அரை நிமிடத்தில் எடுப்பது ஓவர் ஈஸி. மஞ்சள் முழுக்க ஓடும். ஓவர் மீடியத்தில் மஞ்சள் பாகு மாதிரி நிற்கும். ஓவர் ஹார்ட் என்றால் முழுக்க வெந்தது.

சன்னி சைட் அப்பில் ஒரு சிக்கல் உண்டு. கூட்ட நேரத்தில் கல் தேவைக்கு மேல் சூடாக இருக்கும். முட்டைக்கு 150 டிகிரி செல்சியஸ் பக்கம் போதும். பான்கேக்குக்கு 190 வேண்டும். அந்தச் சூட்டில் முட்டை விழுந்தால் அடிப்பக்கம் காய்ந்து பழுப்பாகும், ஆனால் மஞ்சளைச் சுற்றிய வெள்ளைக்கரு வழவழவென்று பச்சையாகவே நிற்கும். நல்ல குக் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடி போட்டு அந்த ஆவியில் மேல்பக்கத்தை வேகவைத்துவிடுவார். கூட்ட நேரத்தில் அது நடக்குமா என்று சந்தேகம் இருந்தால் ஓவர் ஈஸி சொல்லிவிடுவது நல்லது.

ஆம்லெட்டுக்கு வழக்கமாக மூன்று முட்டை. சில இடங்களில் மில்க்‌ஷேக் மிஷினில் அடித்து ஊற்றுவார்கள், உப்பிக்கொண்டு வரும். சில சங்கிலி உணவகங்களில் பான்கேக் மாவையும் கொஞ்சம் கலப்பதுண்டு. கோதுமை ஆகாதவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே வைக்கும் காய்கறி இரண்டோடு நிற்கட்டும். தக்காளி, காளான், கீரை மூன்றும் சேர்ந்தால் தண்ணீர் விட்டு, அறுக்கும்போது தட்டில் குளம் கட்டும். காளானைக் கல்லில் வதக்கிப் போடச் சொல்லலாம், அது நியாயமான கோரிக்கைதான். எக்ஸ் பெனடிக்ட் மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். அதன் மேல் ஊற்றும் ஹாலண்டேஸ், மஞ்சள்கருவும் வெண்ணெயும் சேர்ந்த சாஸ். சூடு கூடினால் திரிந்துவிடும், குறைந்தால் கெட்டியாகும். அதனால் பல இடங்களில் பாக்கெட் பொடியைக் கரைத்து வைத்துக்கொள்கிறார்கள். "இங்கேயே செய்வதா?" என்று கேளுங்கள். பதில் இழுத்தால் வேறு சொல்லுங்கள்.

முட்டையோடு வரும் உருளைக்கிழங்கில்தான் ஒரு டைனரின் தரம் தெரியும் என்பது என் கட்சி. வடகிழக்கில் பெரும்பாலும் ஹோம் ஃப்ரைஸ்: வேகவைத்து ஆறவிட்ட கிழங்கைத் துண்டு போட்டு வெங்காயம், பாப்ரிகாவோடு கல்லில் புரட்டுவது. முதல் நாள் வேகவைத்துக் குளிரில் வைத்த கிழங்கின் மேல்பக்கம் உலர்ந்திருப்பதால் நன்றாக முறுகும். காலை ஆறு மணிக்கே மொத்தமாகப் போட்டு ஓரத்தில் குவித்து வைத்தால் தன் ஆவியிலேயே வெந்து வெளுத்துப்போகும். இதற்கு ஒரு மருந்து: "ஹோம் ஃப்ரைஸ் வெல் டன்" என்று சொல்லுங்கள். உங்கள் பங்கை மட்டும் பரப்பி, அழுத்தி, முறுகவிட்டுக் கொடுப்பார்கள். காசு கூட ஆகாது.

தெற்கே போனால் துருவிய கிழங்கு, ஹாஷ் பிரவுன்ஸ். ஜார்ஜியாவில் 1955இல் தொடங்கிய வாஃபிள் ஹவுஸில் இதற்கென்றே ஒரு பாஷை உண்டு. ஸ்கேட்டர்ட் என்றால் கல்லில் பரப்பிப் போடுவது. கல்லைத் தொடும் பரப்பு கூடுவதால் முறுகல் அதிகம். ஸ்மதர்ட் என்றால் வெங்காயம், கவர்ட் என்றால் சீஸ், பெப்பர்ட் என்றால் ஹாலப்பீனோ மிளகாய். சங்க்ட் என்றால் ஹாம், அதாவது பன்றி இறைச்சி, தெரியாமல் சொல்லிவிடாதீர்கள்.

மாமிசம் சாப்பிடுபவர்கள் எங்கே போனாலும் பேக்கனே சொல்ல வேண்டியதில்லை. டைனர்கள் மிக அதிகம் உள்ள மாநிலம் நியூ ஜெர்சி. எடிசன், பிஸ்கட்டவே பக்கம் இருக்கும் தமிழர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். அங்கே சொல்ல வேண்டியது டெய்லர் ஹாம், முட்டை, சீஸ், கடினமான ரோலில் வைத்தது. ட்ரென்டனில் ஜான் டெய்லர் 1856இல் உருவாக்கிய பன்றி இறைச்சி இது. மாநிலத்தின் தென்பாதியில் போர்க் ரோல் என்பார்கள். வட்டத் துண்டைச் சும்மா கல்லில் போட்டால் ஓரம் சுருங்கி நடு கிண்ணமாக எழும்பிவிடும், நடுப்பாகம் கல்லைத் தொடாது. அதனால் ஓரத்திலிருந்து உள்நோக்கி மூன்று நான்கு வெட்டு போட்டுத்தான் கல்லில் வைப்பார்கள். தட்டில் வரும்போது அந்த வெட்டுகள் விரிந்து, ஓரம் கருகலாக இருந்தால் சரியாகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பென்சில்வேனியாவில் ஸ்க்ராப்பிள் கிடைக்கும்: பன்றியின் மிச்சத் துண்டுகளைச் சோளமாவோடு காய்ச்சி உறையவைத்த கட்டி. இதை அவசரப்பட்டுத் திருப்பினால் உடையும். வெளியே மொறுமொறுப்பு வராவிட்டால் கூழ் மாதிரித்தான் இருக்கும், ஆகவே இதற்கும் வெல் டன்.

பான்கேக்கில் கவனிக்க வேண்டியது மாவு. பட்டர்மில்க்கின் புளிப்போடு சோடா சேர்ந்து எழுப்பும் குமிழிகள்தான் அதைப் பஞ்சாக்குகின்றன. நேரம் ஆக ஆக அந்த வேகம் குறையும். ரொம்ப அடித்துக் கலக்கினால் ரப்பராகும். ஆகவே மாவு வேகமாகத் தீர்ந்து புதிதாகக் கலக்கும் காலை நேரத்தில் சொல்வது நல்லது. முழு அடுக்கு பெரும்பாலும் மூன்று, ஷார்ட் ஸ்டேக் இரண்டு. ஒவ்வொன்றும் தட்டகலம் இருக்கும், ஒரு ஆளால் மூன்றை முடிப்பது கஷ்டம். முட்டைத் தட்டு ஆளுக்கொன்று, நடுவில் எல்லோருக்குமாக ஒரே ஒரு பான்கேக் என்று சொல்வதுதான் கெட்டிக்காரத்தனம். மேஜையில் இருக்கும் சிரப் பெரும்பாலும் சோளச் சர்க்கரைப் பாகு. அசல் மேப்பிள் சிரப்புக்குத் தனிக் காசு. வெர்மான்ட் பக்கம் இருந்தால் தயங்காமல் கொடுங்கள். ஃப்ரெஞ்ச் டோஸ்ட் என்றால் ஹாலா ரொட்டியில் (முட்டை சேர்த்துச் செய்யும் யூத ரொட்டி) செய்வதா என்று கேளுங்கள். தடித்த ஹாலா துண்டு முட்டைப்பாலைக் குடித்தும் நிமிர்ந்து நிற்கும், சாதா வெள்ளை ரொட்டி தொய்ந்துவிடும்.

மதியத்துக்குச் சாண்ட்விச். கிரில்ட் சீஸுக்கு அமெரிக்கன் சீஸே போதும். அதில் சேர்க்கும் உப்புகள் கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்வதால் வழவழப்பாக உருகும். முதிர்ந்த செடார் கேட்டால் எண்ணெய் தனியே வடியும். ரொட்டி, ரை தானியத்தில் செய்தது. தக்காளி சேர்த்தால் சீக்கிரம் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ரொட்டி ஊறிவிடும். டூனா மெல்ட்டைத் திறந்தபடி பிராய்லரில் வைத்துத் தரச் சொல்லுங்கள். மூடிக் கல்லில் வாட்டினால் ரொட்டி சிவந்த பிறகும் நடுவில் டூனா சில்லென்று இருக்கும். மாட்டிறைச்சி சாப்பிடுவோருக்குப் பேட்டி மெல்ட்: ரை ரொட்டி, ஸ்விஸ் சீஸ், பொறுமையாக வதங்கிய வெங்காயம், கறி வட்டம், எல்லாமே அந்தக் கல்லில். டைனரின் திறமை முழுவதையும் ஒரே தட்டில் பார்க்க வேண்டுமானால் இதுதான்.

வான்கோழி எந்த வடிவில் சொன்னாலும் முதலில் ஒரு கேள்வி: இங்கேயே ரோஸ்ட் செய்ததா? ஆமாம் என்றால், ரொட்டி மேல் இறைச்சியை அடுக்கி கிரேவி ஊற்றும் ஓப்பன் ஃபேஸ் சாண்ட்விச் அருமை. இல்லை, பாக்கெட்டில் வந்த ஸ்லைஸ்தான் என்றால் கிளப் சாண்ட்விச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ராத்திரி நேரத்தில் நியூ ஜெர்சியில் டிஸ்கோ ஃப்ரைஸ்: தடித்த ஃப்ரைஸ் மேல் மொசரெல்லாவும் பழுப்புக் கிரேவியும். கிரேவியைத் தனிக் கிண்ணத்தில் வாங்கி நீங்களே ஊற்றினால் ஃப்ரைஸ் கடைசிவரை முறுகலாக இருக்கும்.

ஸ்டேக், இறால், ஸ்பாகெட்டிப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடலாம். ஒரே விதிவிலக்கு கிரேக்கப் பக்கம். நியூயார்க், நியூ ஜெர்சி டைனர்களில் பலவற்றை நடத்துபவர்கள் கிரேக்கக் குடும்பத்தினர். அங்கே கீரையும் ஃபெட்டாவும் வைத்த ஸ்பானகோபிட்டா, எலுமிச்சையும் முட்டையும் சேர்ந்த கோழி சூப், ரைஸ் புட்டிங் எல்லாம் வீட்டுப் பக்குவத்தில் கிடைக்கும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கல்தான் பிரச்சினை. பேக்கன் வெந்த அதே இடத்தில்தான் ஹோம் ஃப்ரைஸும் கிரில்ட் சீஸும். சுரண்டித் துடைத்த இடத்தில் போடச் சொல்லலாம், ஆனால் ஞாயிறு பதினோரு மணிக்கு அதை நம்பாதீர்கள். அப்போது வாஃபிள் சொல்லுங்கள், அதற்குத் தனி இரும்பு அச்சு. ஓட்ஸ், பேகலும் க்ரீம் சீஸும், கிரேக்க சாலட், வேகவைத்த முழு உருளைக்கிழங்கு இவையும் கல்லைத் தொடுவதில்லை. ஃப்ரைஸ் பொரியும் எண்ணெயில் கோழியும் இறாலும் பொரியலாம், கேளுங்கள். "வெஜிடபிள் சூப்" என்று எழுதியிருந்தாலும் கோழி அல்லது மாட்டெலும்புச் சாறு இருக்கக்கூடும். ஸ்ப்ளிட் பீ சூப்பில் பெரும்பாலும் ஹாம் உண்டு. பழுப்புக் கிரேவி வேண்டாம். பான்கேக், வாஃபிள், ஃப்ரெஞ்ச் டோஸ்ட், மஃபின் எல்லாவற்றிலும் முட்டை இருக்கும். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் முட்டை சேர்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். அது வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

காபி டிரிப் காபிதான், கோப்பை காலியாக ஆக நிரப்புவார்கள். ஹாட் பிளேட்டில் அரை மணிக்கு மேல் நின்றால் கசப்பேறும், "புதிதாகப் போட்ட பாட் இருக்கிறதா?" என்று கேட்பதில் தப்பில்லை. ஆரஞ்சுக் கைப்பிடி பாட் டிகாஃப், அதாவது காஃபீன் நீக்கியது. மில்க்‌ஷேக் சொன்னால் கிளாஸில் கொள்ளாத மிச்சத்தை எஃகுக் கோப்பையிலேயே கொண்டுவந்து வைப்பார்கள், அது உங்களுடையது.

கண்ணாடிப் பெட்டியில் சுற்றும் கேக்குகளில் மெரிங் (சர்க்கரை சேர்த்து நுரைக்க அடித்த வெள்ளைக்கரு) வைத்தது நெடுநேரம் நின்றால் மேலே பாகுத் துளிகள் அரும்பும். அதைப் பார்த்தால் ஆப்பிள் பைக்கு மாறிவிடுங்கள். மேலோட்டில் பன்றிக் கொழுப்பு உண்டா என்று சைவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது நியூயார்க் பக்கத்து வழக்கம்: கார்ன் மஃபினைக் குறுக்கே வெட்டி, வெட்டிய பக்கம் வெண்ணெய் தடவிக் கல்லில் கவிழ்த்து, சிவந்ததும் எடுப்பது. மெனுவில் இல்லாவிட்டாலும் "கிரில்ட் கார்ன் மஃபின்" என்றால் புரியும்.

பில் பெரும்பாலும் மேஜையில் வைக்கப்படும். பல டைனர்களில் அதை எடுத்துக்கொண்டு வாசலருகே இருக்கும் கவுண்டரில்தான் கட்ட வேண்டும். டிப் 18 முதல் 20 சதவீதம். காபியும் டோஸ்டும் மட்டும் சாப்பிட்டுச் சின்ன பில் வந்தால் சதவீதம் பார்க்காமல் இரண்டு மூன்று டாலராவது வையுங்கள், உங்கள் கோப்பையைப் பரிமாறுபவர் நாலு தடவை நிரப்பியிருப்பார். மிஞ்சியதற்குப் பெட்டி கேளுங்கள். பான்கேக்கும் சாண்ட்விச்சும் வீட்டுக் கல்லில் மறுபடி சுட்டால் நன்றாக வரும். முட்டையை அங்கேயே முடித்துவிடுங்கள்.