தோவாளை தாண்டி: மேய்ச்சல் நிலப் படிப்புக் குறிப்புகள்

ஜனவரி 9, 2026

இந்தப் பருவத்துக்கு மேய்ச்சல் நிலச் சூழலியலை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறேன். இந்த 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருப்பதைச் சொல்லித்தான் பேராசிரியர் தொடங்கினார். உலக நிலப்பரப்பில் பாதிக்கு மேல் இந்த வகை நிலம்தானாம். நம்ம குமரி மாவட்டத்தில் நெல், வாழை, ரப்பர், மீன் தாண்டி யாரும் பேசுவதில்லை. ஆனால் தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் மேற்கே பார்த்த பச்சை விட்டுப்போய், முள்மரமும் புல்லும் காற்றாலையுமாக நிற்கும். களப்பணியை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சரி என்றார்.

ஜனவரி 17

அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரச் சட்டத்தைப் புல்மேல் வைத்து, உள்ளே நிற்பதைத் தரையொட்டி அறுத்து, இனம் பிரித்துக் காகிதப் பையில் போட்டோம். கொழுக்கட்டைப்புல், ஊசிப்புல், கொஞ்சம் அருகு. காயவைத்து எடை பார்த்தால் ஒரு சட்டத்துக்கு 30 கிராம். ஹெக்டேருக்கு 1,200 கிலோ. பாதியை நிலத்துக்கே விட்டுவிட வேண்டும் என்பது இந்தத் துறையின் பழைய விதி. மிச்சம் 600. 30 கிலோ செம்மறி ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ உலர்தீவனம் தின்னும். ஆக, 20 ஆட்டுக்கு ஒரு மாதம்.

கணக்கு சரிதான். ஆனால் இது ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்த புல். மழை பொய்த்த வருஷத்தில் இதே எண்ணை நம்பி ஆடு விட்டால் நிலம் என்ன ஆகும்?

ஜனவரி 25

மந்தையோடு நாள் முழுக்க நடந்தேன். ஆட்டுக்கார அண்ணாச்சி ஊசிப்புல் கதிர் ஒன்றை உருவி என் உள்ளங்கையில் வைத்து, பாட்டில் தண்ணீரைச் சொட்டினார். கறுத்த நீள வால் மெதுவாக முறுக்கு அவிழ்ந்து, விதையின் கூர்முனையைத் தோலில் வைத்துத் திருகியது. ஈரத்தில் இப்படித் திருகித்தான் அது மண்ணுக்குள் இறங்குகிறது. ஆட்டு ரோமத்தில் மாட்டினாலும் அதே வேலைதான்.

"இளசுல நல்ல தீனி மக்கா. பூக்கதுக்கு முன்னால மேச்சிரணும். கதிரு முத்திட்டுன்னா தோலுல இறங்கிரும், கண்ணுல குத்துனா கண்ணே போயிரும். பொறவு இந்தச் சரிவுக்கு வரமாட்டேன்."

எந்தச் சரிவில் எப்போது மேய்ப்பது, எப்போது விலகுவது என்று எங்கள் பாடத்தில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. அவர் அதை ஆட்டின் தோலைப் பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறார்.

பிப்ரவரி 4

இன்றைய வகுப்பு மனதை விட்டுப் போகவில்லை. மேய்ச்சலைக் குறைத்தால் நிலம் படிப்படியாகத் தன் பழைய முழுநிலைக்கு ஏறிவிடும் என்பது கிளெமென்ட்ஸ் என்ற தாவரச் சூழலியலாளர் வழிவந்த சிந்தனை. அதை 1919-இல் மேய்ச்சல் மேலாண்மைக்குக் கொண்டுவந்தவர் சாம்ப்சன். 1989-இல் வெஸ்டோபி, வாக்கர், நோய்-மெயிர் என்ற சூழலியலாளர்கள் மூவரும் வறண்ட நிலம் அப்படி ஒரே ஏணியில் ஏறி இறங்குவதில்லை என்று எழுதினார்கள். ஒரு நிலையிலிருந்து வேறொரு நிலைக்கு அது மாறிவிட்டால், காரணத்தை நீக்கினாலும் தானாகத் திரும்பாமல் போகலாம்.

ஆரல்வாய்மொழியில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சீமைக்கருவேல நெற்றை ஆடு தின்று புழுக்கையோடு விதையைப் போடுகிறது. புதர் அடைந்த பிறகு ஆட்டை நிறுத்தினாலும் புல் வராது. புதரை வேரோடு எடுக்க வேண்டும். ஆட்டை விரட்டினால் போதும் என்று சொல்பவர்கள் இந்த இடத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்படுகிறேன்.

பிப்ரவரி 13

மாதிரிகளுக்கு எடை போட்டு முடித்தேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 8

கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுப்பு முடிந்த வயலில் அண்ணாச்சியின் மந்தை கிடை கிடக்கிறது. பகலில் தாள் மேய்ச்சல், ராத்திரி வயலிலேயே அடைப்பு. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு, கிடைக்கூலி அவருக்கு. நெல்லுக்கு உரம் கிடைப்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இப்போது கண்ணில் படுவது மறுபக்கம்: ஆடு வயலில் நிற்கிற இந்த வாரங்களில் சரிவுப் புல்லுக்கு முழு ஓய்வு. வயல் இல்லாவிட்டால் அந்த ஓய்வும் இல்லை. ஆட்டு எண்ணிக்கையை மட்டும் வைத்துப் போட்ட என் ஜனவரிக் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

பேராசிரியரிடம் பேசினேன். ஆய்வேட்டில் புல் எடையோடு மந்தை மாதாமாதம் எங்கே நிற்கிறது என்பதையும் வரைபடத்தில் குறிக்கப்போகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க, சரிவில் கொஞ்ச இடத்துக்கு வேலி போட வேண்டும். "போட்டுக்க மக்கா, ஆடு தாண்டாத மாதிரி நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி. அடுத்த புல் அறுப்பு ஐப்பசி மழைக்குப் பிறகு.