சேர்வருக்குப் பக்கத்தில் ஒரு சீஆர் கொப்பி

2013 ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை எல்லாருடைய கோப்பும் கிடக்கும் எங்கள் அலுவலகச் சேர்வர் எழும்பவில்லை. கிளிநொச்சியில் வாழ்வாதாரக் கடன் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் அப்போது வேலை செய்தேன். கணினி என்று பெயர் சொன்னால் எல்லாம் என் தலையில்தான். ஏ9 வீதியை அகலிக்கும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். காலையில் மேசையைத் துடைத்தால் மதியத்துக்குள் கிரவல் தூசியில் விரலால் பெயர் எழுதலாம். சேர்வர் இருந்தது பழைய களஞ்சிய அறையில். துணைக்கு ஒரு மேசைவிசிறி, ஒரு யூபிஎஸ். மின்சாரம் நாளுக்கு மூன்று நான்கு தடவை போய்வரும். வெக்கையில் யூபிஎஸ்ஸின் பற்றரி ஊதிப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய் வந்ததில் ஹார்ட் டிஸ்க்கின் கதை முடிந்துவிட்டது.

அதில் ஓடியது விண்டோஸ் சேர்வர் 2003. எனக்கு முன்பு இருந்த யாரோ சீடியில் கொண்டுவந்து போட்டது, காசு கொடுத்து வாங்கியதல்ல. அப்டேட் ஒழுங்காக ஏறாது. பென்ட்ரைவில் வரும் ஷோட்கட் வைரஸ் மாதத்துக்கு ஒரு தடவையாவது கோப்புறைகளை மறைத்துவிட்டு அதே பெயரில் போலிகளை வைத்துவிட்டுப் போகும்.

வெளி டிஸ்க்கில் இருந்த கடைசிப் பிரதி 11 நாள் பழையது. அந்த 11 நாள் வரவையும் பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் காபன் பிரதியைப் பார்த்துத் திரும்ப அடித்தோம். அந்தக் கிழமை தருமபுரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். 1500 ரூபாய் கட்டிய பற்றுச்சீட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி, அதைப் பால்மா ரின்னுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். "தம்பி, இது கணக்கில ஏறியிருக்குதோ?" என்று கேட்டார். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இடப்பெயர்வு முழுக்க இப்படித்தான் காவித் திரிந்திருப்பார். அவருடைய காபன் பிரதியைத் தேடி எடுத்துக் காட்டினேன். அவர் போன பிறகும் நெடுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

முகாமையாளர் ஐயா அன்று பின்னேரம் கூப்பிட்டார். "தம்பி, புது மெஷின் வாங்குவம். உள்ளுக்கு என்ன போடுறது எண்டதை இந்த முறை வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

கைக்கு எட்டிய வழிகள் இரண்டு. ஒன்று, அதற்கு முந்தின வருடம் வெளிவந்த விண்டோஸ் சேர்வர் 2012. அதில் எசென்ஷல்ஸ் என்ற சிறு பதிப்பு 25 பேருக்குத்தான். நாங்கள் 34 பேர். ஸ்டாண்டர்ட் பதிப்புக்குப் போனால் அதற்கொரு விலை, அப்புறம் பாவிக்கும் ஆட்களின் கணக்குக்கு அனுமதிச் செலவு வேறு. மற்றது லினக்ஸ் என்ற இயங்குதளம்: அதில் சென்ட்ஓஎஸ் 6 என்ற வகை, கோப்புப் பகிர்வுக்கு சம்பா என்ற மென்பொருள். விலை இல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 நவம்பர் வரை வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

என் மனம் ஏற்கெனவே லினக்ஸ் பக்கம் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வை நம்பத்தான் பயமாக இருந்தது. அதற்குக் காரணம் 1998இல் கொழும்பில் கிடைத்த என் முதல் வேலை.

அங்கே நான் தொட்ட முதல் சேர்வரில் ஓடியது நொவெல் நிறுவனத்தின் நெட்வேர் 3.12 இயங்குதளம். கறுப்புத் திரை, மவுஸ் கிடையாது. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் திரையில் ஒரு பாம்பு ஊரத் தொடங்கும். சேர்வருக்கு வேலை கூடக் கூட அதன் வால் நீளும், ஓட்டமும் கூடும். மாதக் கடைசியில் கணக்குப் பகுதி அறிக்கை எடுக்கும்போது பாம்பு திரையைச் சுற்றிச் சுற்றி ஓடும். வாசலில் நின்றே சேர்வருக்கு மூச்சு வாங்குகிறதா என்று சொல்லிவிடலாம். யாராவது ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டு அழுதுகொண்டு வந்தால், சால்வேஜ் என்று ஒரு கருவி இருந்தது, மேலே வேறொன்று எழுதப்படாமல் இருந்தால் எடுத்துக் கொடுத்துவிடும். இன்றைக்குக் குப்பை என்று தூக்கிப் போடும் அளவு நினைவகத்தில் அவ்வளவையும் செய்தது அது. கோப்பும் பிரின்டரும் பகிர அந்தக் காலத்தில் அதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை.

1996இல் வந்த விண்டோஸ் என்டி 4.0 அப்போது பக்கத்து அலுவலகங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. விண்டோஸ் 95 போலவே முகம். கணக்கு மென்பொருள் செய்கிறவர்கள் என்டிக்கென்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். நெட்வேரில் அப்படியான நிரல்கள் இயங்குதளத்தோடு ஒரே நினைவகத்தில் ஓடும். ஒன்று பிழைத்தால் 'அபென்ட்' என்று முழுச் சேர்வரும் விழுந்துவிடும். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான், சமாளித்தோம். ஆனால் நெட்வேரைக் கரைத்துக் குடித்த அண்ணை ஒருவர் கனடாவுக்குப் போனார். சேர்வர் பாட்டுக்கு ஓடியது. புதிதாக ஒரு பிரின்டரைச் சேர்க்க மூன்று கிழமை திண்டாடினோம். நான் அப்போது கற்றுக்குட்டி, கைவைக்கப் பயம். அடுத்த மாதம் என்டி வந்தது. 2004 தொடக்கத்தில் நொவெல் நிறுவனமே சூஸே லினக்ஸை வாங்கித் தன் சேவைகளை அதன் மேல் நகர்த்தத் தொடங்கியது என்று பிறகு வாசித்தபோது அந்த மூன்று கிழமைதான் ஞாபகத்துக்கு வந்தது.

வன்னியில் ஆட்கள் நிற்கமாட்டார்கள். கொஞ்சம் வேலை பழகியதும் கொழும்புக்குப் போவார்கள், அல்லது வெளிநாட்டுக்கு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, குடும்பங்களின் நிலைமை அப்படி. நானும் ஒருநாள் போகலாம். கொழும்பிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டால் 300 கிலோமீற்றருக்கு மேல், வருகிறவருக்கு ஒரு முழு நாள் பயணத்திலேயே போய்விடும். ஆகவே எது வேகம், எது மலிவு என்று அட்டவணை போடுவதை நிறுத்திவிட்டு ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் இல்லாத அன்று இது விழுந்தால் யார் எழுப்புவது?

பழைய மெஷின் இரண்டை எடுத்து, ஒன்றில் விண்டோஸ் சேர்வர் 2012இன் 180 நாள் சோதனைப் பதிப்பையும் மற்றதில் சென்ட்ஓஎஸ்ஸையும் போட்டேன். இரண்டு கிழமை, நினைத்த நேரம் சுவரில் சுவிட்சை அணைப்பேன். எழுப்ப வேண்டியது தரவு பதியும் தங்கச்சி. உயர்தரம் முடித்துவிட்டு வந்தவர், சேர்வர் என்ற ஒன்றை அதற்கு முன் தொட்டதில்லை. என்னிடம் எதுவும் கேட்கக்கூடாது, நான் தமிழில் எழுதிவைத்த தடித்த அட்டைச் சீஆர் கொப்பியைப் பார்க்கலாம் என்பது ஒப்பந்தம்.

விண்டோஸ்தான் அவருக்குச் சுலபமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பெரும்பாலான நாளில் அது தானாகவே எழும்பிவிடும், அது உண்மை. ஆனால் உள்ளே நுழைந்ததும், ஏன் எதிர்பாராமல் நின்றாய் என்று ஆங்கிலத்தில் காரணம் கேட்டு ஒரு பெட்டி வரும். அதைத் தாண்டினால் இன்னொன்று. "அண்ணா, கொப்பியில இந்தப் பெட்டி இல்லையே" என்று நிற்பார். திரையில் வரும் பெட்டிகளைக் கொப்பியில் எழுதுவது எப்படி? இடது மேல் மூலையில் உள்ளதை அமத்து, பிறகு வருவதில் இரண்டாவதை அமத்து என்று எழுதி எழுதி நான்கு பக்கம் போனது. அடுத்த தடவை பெட்டி வேறு இடத்தில் வரும்.

லினக்ஸ் மெஷின் ஏழாவது தடவை அணைத்தபோது மோசமாக விழுந்தது. கோப்பு முறைமையில் பிழை, பராமரிப்புக்கு ரூட் (நிர்வாகி) கடவுச்சொல்லைத் தா என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது. அவருடைய முகம் வெளிறிவிட்டது. பிறகு கொப்பியைத் திறந்து, திரையில் இருந்த ஆங்கில வரியையும் நான் எழுதிவைத்த வரியையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றேதான். அதற்குக் கீழே நான் எழுதியிருந்த, டிஸ்க்கின் பிழை திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஒரு விரலால் தட்டினார். வரிகள் ஓடின, நின்றன. மறுபடி தொடங்கு என்ற கட்டளையையும் தட்டினார். எழும்பியது. எழுத்தால் ஓடும் ஒன்றைத்தான் எழுத்தால் சொல்லிக்கொடுக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இத்தனை வருடம் சேர்வர்களோடு கிடந்தும் அதை நான் யோசித்ததில்லை.

ஆனால் லினக்ஸும் ஒரு இடத்தில் எங்களைத் தடுக்கி விழுத்தியது. பழைய கோப்புகளைக் கொப்பி பண்ணும்போது சில மட்டும் ஏறவே மறுத்தன. எல்லாம் தமிழில் பெயர் வைத்தவை. அதில் ஒன்று: 'கரைச்சி கண்டாவளை பூநகரி பச்சிலைப்பள்ளி பிரதேசங்களுக்கான வாழ்வாதாரக் கடன் மீளளிப்பு விபரம் 2013 காலாண்டு 2'. விண்டோஸ் கோப்புப் பெயரை 255 குறியீடுகள் வரை ஏற்கும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை கணக்கெடுப்பது எழுத்தையல்ல, அது பிடிக்கும் இடத்தை: 255 பைட். யூனிகோட் தமிழில் 'க' 3 பைட், 'கி' என்றால் இகரக் குறியும் சேர்ந்து 6 பைட். ஆங்கிலத்தில் பெயர் வைக்கிறவனுக்கு 255 எழுத்து கிடைக்கிற இடத்தில் எங்களுக்கு ஐம்பதுக்குக் கிட்டத்தான். எனக்குக் கோபமே வந்தது. பழைய பாமினி எழுத்துருவை விட்டு எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு வாருங்கள் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். இப்போது பெயரைச் சுருக்குங்கள் என்று அதே ஆட்களிடம் போகவேண்டியிருந்தது. பிரதேசத்துக்கு ஒரு கோப்புறை திறந்து சமாளித்தோம்.

கடைசியில் கோப்புகளுக்கு லினக்ஸ். கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடும், ஆகவே அதற்கு உரிமம் வாங்கிய விண்டோஸ் 7 மெஷின் ஒன்று, ஒவ்வொரு இரவும் அதன் தரவு லினக்ஸுக்குப் பிரதியாகும். மிஞ்சிய காசில் நல்ல யூபிஎஸ் வாங்கினோம். யூஎஸ்பி கம்பியால் சேர்வரோடு பேசி, பற்றரி இறங்கினால் தானாக ஒழுங்காக நிறுத்தவைக்கும். அந்தச் செலவைத்தான் முதலே செய்திருக்கவேண்டும். புது மெஷின் வந்த செப்டம்பரில்தான் 1990க்குப் பிறகு முதல் தடவையாக யாழ்தேவி ரயிலும் கிளிநொச்சிக்கு வந்தது. ஸ்டேஷனில் சனம் நிறைந்து நின்றது.

அடுத்த வருடம் ஒருநாள் வவுனியாவுக்குப் போகிற வழியில், பஸ் மாங்குளம் சந்தியில் நிற்கும்போது தங்கச்சி போன் எடுத்தார். இடிமின்னலில் கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் கைவிட்டுவிட்டதாம். நான் இறங்கித் திரும்பி வரவா என்று கேட்டேன். "வேண்டாம் அண்ணா, எழுப்பிட்டன். நாலாம் பக்கம்."

சென்ட்ஓஎஸ் 6இன் காலம் முடியுமுன் 2020இல் 8ஆம் பதிப்புக்கு மாறினோம். 2029 வரை கவலையில்லை என்று ஐயாவிடம் சொல்லியிருந்தேன். அந்த டிசம்பரிலேயே, 8ஆம் பதிப்பு 2021 கடைசியோடு நிறுத்தப்படும் என்று அறிவித்துவிட்டார்கள். இலவசமாக வந்தது, வழக்குப் பேச முடியாது. ஆனால் என் வாயால் சொன்ன வருடம் அது. திரும்பவும் போய் ஐயாவின் மேசைக்கு முன்னால் நின்று, நான் சொன்னது பிழைத்துவிட்டது என்று சொன்னேன். "மாத்தேலுமோ?" என்று மட்டும் கேட்டார். மாற்றலாம், சென்ட்ஓஎஸ்ஸின் இடத்துக்கு அல்மாலினக்ஸ் என்று ஒன்று வருகிறது என்றேன்.

மாற்றவேண்டிய நேரம் 2021 கொரோனா ஊரடங்கு. நான் வவுனியாவில் மாட்டிக்கொண்டேன். தங்கச்சி கலியாணம் கட்டி முல்லைத்தீவுக்குப் போய்விட்டார். அவருடைய இடத்தில் வந்த தம்பிக்கு 22 வயது. அனுமதி எடுத்துச் சைக்கிளில் அலுவலகத்துக்குப் போய், தனியே இருந்து மாற்றினார். நான் கிளிநொச்சிக்குத் திரும்பியதும் முதலில் களஞ்சிய அறைக்குத்தான் போனேன். சீஆர் கொப்பி யூபிஎஸ்ஸுக்கு மேல் இருந்தது. என் கையெழுத்து, அதற்குப் பிறகு தங்கச்சியின் உருண்டைக் கையெழுத்து, அதற்கும் பிறகு சரிந்த எழுத்தில் அந்தத் தம்பி எழுதிய புதுப் பக்கம். எல்லாக் கட்டளையும் வரிசையாக இருந்தது. கடைசி வரி: 'அல்மா ஏறிவிட்டது. கோப்புகள் எல்லாம் திறக்குது. இரண்டாவது பிரின்டர் மட்டும் வேலை செய்யவில்லை, நாளைக்கு வந்து பார்ப்பன்.'