கலெக்டரைக் கேட்டுத்தான் சமையல்

ஐப்பசி 19

தேதியை ஐப்பசி என்று போடுவதற்குத் தமிழ்ப்பற்று காரணமில்லை. அத்தை தினமும் காலையில் கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் பால் கணக்கு, மளிகை லிஸ்ட், இந்தக் குறிப்பு எல்லாவற்றையும் எழுதுகிறேன். முன்பக்கத்தில் ராகு காலமும் ராசி பலனும். என் ராசிக்கு இன்று ஒரே வார்த்தை: ஓய்வு.

இரவு ஒன்பதரை. மடிப்பாக்கம் முழுக்கக் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. பெரியவன் டிவிக்கு ஓரடி முன்னால் உட்கார்ந்து, கீழே ஓடுகிற எழுத்துகளை விடாமல் வாசிக்கிறான். தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியை இந்த வேகத்தில் படித்திருந்தால் நான் ஏன் டியூஷனுக்குக் காசு கட்டப் போகிறேன்?

எனக்கும் அந்தச் செய்திதான் வேண்டும். பள்ளி உண்டென்றால் ஐந்து மணிக்கு அலாரம், இரண்டு லஞ்ச் பாக்ஸ், இரண்டு ஸ்நாக்ஸ் டப்பா. இல்லையென்றால் எட்டு மணிக்கு ரவா உப்புமா, அதையும் யாரும் குறை சொல்லக்கூடாது. இந்த வீட்டின் சமையலைக் கலெக்டர்தான் முடிவு செய்கிறார். அது அவருக்குத் தெரியாது, பாவம்.

பத்தரை வரை தகவல் இல்லை. அலாரம் வைத்தேன்.

ஐப்பசி 20

காலை ஆறேகாலுக்குச் செய்தி வந்தது. செங்கல்பட்டு மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை. சென்னைக்கு இல்லை.

எங்கள் வீட்டில் இதன் பொருள் என்னவென்றால், ஆறாம் வகுப்புப் பெரியவனுக்குப் பள்ளி உண்டு, யூகேஜி சின்னவளுக்கு லீவு. அவன் பள்ளி மடிப்பாக்கத்திலேயே இருக்கிறது. அவள் பள்ளி பக்கத்துக் கீழ்க்கட்டளையில். ஒருகாலத்தில் இரண்டும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டம். 2018இல் சென்னையைப் பெரிதாக்கியபோது மடிப்பாக்கம் இந்தப் பக்கம் வந்தது. 2019இல் செங்கல்பட்டைத் தனி மாவட்டமாக்கியபோது கீழ்க்கட்டளை அந்தப் பக்கம் போனது. இதையெல்லாம் யோசித்தா பள்ளியில் சேர்த்தோம்? வேன் ஃபீஸ் எங்கே குறைவு என்று பார்த்துச் சேர்த்தோம்.

“அவ மேல மட்டும்தான் மழை பெய்யுதா?” என்றான் பெரியவன். நியாயமான கேள்வி. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் அந்தத் தண்ணீர் நாராயணபுரம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. எந்த மாவட்டத்தில் ஓடுகிறோம் என்று அது யாரையும் கேட்பதில்லை.

லீவு என்றால் எட்டு மணிவரை எழுந்திருக்காத சின்னவள், அண்ணன் ரெயின்கோட் மாட்டுவதைப் பார்ப்பதற்கென்றே ஏழு மணிக்கு எழுந்து வந்தாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, வேன் திரும்பும் வரை டாட்டா காட்டினாள். அன்பு என்று நினைத்து அத்தை உருகிவிட்டார்.

ஐப்பசி 21

இன்று இரண்டு மாவட்டத்துக்கும் லீவு. அறிவிப்பு வந்தபோது மணி ஆறு நாற்பது. எலுமிச்சை சாதம் கட்டி, உருளைக்கிழங்கு வறுவலையும் டப்பாவில் அடைத்து முடித்திருந்தேன். மதியம் தட்டில் போட்டால் சாப்பிட மாட்டோம் என்று இரண்டும் அடம். லஞ்ச் பாக்ஸைத் திறந்து, ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்து, பாதியை மாற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். பள்ளிக்குப் போனால் பாதி திரும்பி வரும். இன்று டப்பாவை வழித்துவிட்டார்கள்.

சாயங்காலம் இவர், தண்ணீர் ஏறுவதற்குள் மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு வர, காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நின்றதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதில் வெள்ளையாக ஒன்று எங்களுடையது. அவரைக் கேலி செய்யவும் முடியாது. 2015 டிசம்பரில் முதல் காரின் இன்ஜினுக்குள் தண்ணீர் போய், அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போன காட்சியை இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார். ஆனால் ஒன்று. காருக்கு மேல் கவர், அதற்கு மேல் கயிறு, பின்பக்கச் சக்கரத்துக்குச் செங்கல். இரண்டு பிரசவத்திலும் என் பிளாஸ்க்கை மறந்துவிட்டு வந்தவர் இவர்.

இரவு பதினோரு மணிக்குக் குடையோடு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். “எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “தனியா நிக்குது” என்றார். குரலில் அப்படியொரு ஏக்கம்.

ஐப்பசி 22

இன்றும் லீவு. ராசிக்குப் பொறுமை என்று போட்டிருந்ததைக் காலையிலேயே கவனித்திருக்க வேண்டும்.

பெரியவன் சூரியக் குடும்பம் செய்ய வேண்டுமாம், திங்கட்கிழமையே கொடுத்திருக்க வேண்டியதாம். தெர்மகோல் உருண்டைகள் நல்லவேளையாகப் போன வருஷத்து மீதி இருந்தன. நான் ஒன்பதுக்கும் போஸ்டர் கலர் அடித்து முடித்தேன். கடைசியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது என்ன?” என்றான்.

“புளூட்டோ.”

“அத 2006லயே எடுத்துட்டாங்கம்மா.”

எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் படித்தபோது இருந்தது.

அத்தையும் வந்து எண்ணிப் பார்த்தார். அவருக்கு வேறு கணக்கு. “ஒம்பது சரியாத்தானே இருந்துச்சு, ஏன்டா எடுக்கற? ராகு எங்க, கேது எங்க?”

“அதெல்லாம் கிரகமே இல்ல பாட்டி.”

“அப்ப தினமும் ஒன்றரை மணி நேரம் வருதே, அது யாரோட காலமாம்?”

அவன் என்னைப் பார்த்தான். நான் தூரிகையைக் கழுவப் போய்விட்டேன்.

சனிக்கு வளையம் வேண்டும். சின்னவளின் மஞ்சள் பிளாஸ்டிக் வளையலைக் கெஞ்சி வாங்கி மாட்டினோம். அச்சு அசலாக இருந்தது. அப்போதுதான் பெரியவன் தன் மேதாவித்தனத்தைக் காட்டினான்: சனியின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, அவ்வளவு பெரிய தொட்டி மட்டும் இருந்தால் சனி மிதக்கும் என்று தங்கைக்குப் பாடம் எடுத்தான்.

அவ்வளவு பெரிய தொட்டி எங்கள் தெருவிலேயே இருந்தது. முழங்காலளவு.

நான் அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வருவதற்குள் சின்னவள் கேட் கம்பி வழியாகச் சனியை விட்டுவிட்டாள். மிதந்தது. வளையத்தோடு நிதானமாகச் சுற்றிக்கொண்டே எதிர்வீட்டு முருங்கையைத் தாண்டி, குப்பைத்தொட்டியை ஒட்டித் திரும்பியது. “பாத்தியா, நான் சொன்னேன்ல!” என்று முதலில் குதித்தவன் பெரியவன்தான். அப்புறம்தான் அது தன் ப்ராஜெக்ட் என்று உறைத்தது. சின்னவளும் அழ ஆரம்பித்தாள், வளையலுக்காக.

ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்று நான் நைட்டியைத் தூக்கிச் செருகினேன். அத்தை பூஜை அறையிலிருந்து வந்து வழிமறித்தார். இவருக்கு ஏழரை என்று சனிக்கிழமை தவறாமல் எள் விளக்கு ஏற்றுகிறவர்.

“சனி பகவான் தானா வாசப்படி தாண்டிப் போறாரு. பின்னாடி போயி யாரும் கூப்பிடாதீங்க.”

நான் நின்றுவிட்டேன். ராத்திரி அவரே கேட்டு வாங்கி ஒரு கரண்டி பாயசம் கூடச் சாப்பிட்டார்.

ஐப்பசி 23

மழை விட்டபாடில்லை. நாலு நாள் துணி. ஹாலில் குறுக்கே கட்டிய கொடியில் தலை இடிக்காமல் நடப்பது ஒரு வித்தை. ஃப்ரிட்ஜின் பின்னால் வைத்த சாக்ஸ் மட்டும் காய்ந்திருந்தது. நான்கில் மூன்று.

ஐப்பசி 25

வெயில்!

தெருவில் தண்ணீர் வடிந்து, சேறும் ஒரு தனிச் செருப்பும் மிச்சம். இவர் போய்க் காரை அழைத்துக்கொண்டு வந்தார். ஓட்டிக்கொண்டு வந்தார் என்று எழுத மனம் வரவில்லை. அத்தை எலுமிச்சம்பழம் வைத்து உள்ளே விட்டார். ரிவர்ஸ் எடுக்கும்போது சின்னவள் கத்தினாள். “அப்பா, நிறுத்து! சனி!”

எங்கள் கேட்டின் கீழ்க்கம்பியில், ஒரு பால் கவருக்கும் வாழைச்சருகுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. பெயின்ட் முழுக்கப் போய் வெளுத்திருந்தது. வளையல் மட்டும் அப்படியே. தெருமுனை வரை போனது எப்படி எதிர்த்திசையில் திரும்பியது என்று பெரியவனாலும் விளக்க முடியவில்லை.

அத்தை அதைக் கையில் வாங்கவில்லை. தள்ளி நின்றே பார்த்தார்.

“வக்ரம்” என்றார்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. மழை லீவை ஈடுகட்ட இரண்டு பள்ளியும் தகவல் அனுப்பியிருந்தன. பெரியவனுக்கு இந்தச் சனிக்கிழமை வகுப்பு. சின்னவளுக்கு அடுத்த சனிக்கிழமை. சத்தமாக வாசித்தேன்.

அத்தை ஒன்றும் சொல்லாமல் நல்லெண்ணெய் பாட்டிலை எடுக்க உள்ளே போனார்.