சிவந்த பாத்தி

"காலை வைக்காதீர்கள் தம்பி, பித்தவெடிப்பு இருந்தால் உயிர் போகும்."

இன்று காலை வாலிநோக்கம் உப்பளத்தில் ஓர் அக்கா அதட்டினார். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது பாத்தியின் நிறத்தை. பீட்ரூட் கழுவிய தண்ணீர்போல இளஞ்சிவப்பு.

ஏதோ சாயக்கழிவு என்று நினைத்தேன். அக்கா சிரித்தார். "சிவந்தால் உப்பு இறங்கப்போகிறது என்று அர்த்தம்."

அந்தச் சிவப்பு முழுக்க உயிர்.

கடலைவிடச் சுமார் பத்து மடங்கு கரிக்கும் நீர் அது. நம் செல் அதில் வற்றிச் சுருங்கிவிடும். டூனாலியெல்லா என்ற பாசியோ நீரை இழக்காமலிருக்க, கிளிசரால் என்ற பிசுபிசுப்பான பொருளைத் தயாரித்து உள்ளே நிரப்பிக்கொள்கிறது. வெயிலுக்குக் குடையாக பீட்டா கரோட்டின். கேரட்டில் இருக்கும் அதே நிறமி.

கூடவே வாழும் ஆர்க்கியா நுண்ணுயிர்கள் இன்னும் பிடிவாதக்காரர்கள். பொட்டாசியம் உப்பை உள்ளே குவித்து, வெளி உப்போடு சரிக்குச் சரி நிற்கின்றன. நல்ல தண்ணீரில் விட்டால்தான் வெடித்துச் சாகும்! பாத்தி வற்றினால், படிகத்துக்குள் சிக்கிய துளி நீரில் காத்துக் கிடக்கும்.

உப்பில் உயிர் இப்படித் தாக்குப்பிடித்தால், வேறு உலகங்களின் உப்புக் கடல்களிலும் இருக்குமோ? சனியின் நிலவான என்செலடஸின் பனிக்கடியில் உப்புக் கடல் இருப்பதை காசினி விண்கலம் காட்டியது. வியாழனின் நிலவான யூரோப்பாவை ஆராய 2024 அக்டோபரில் கிளிப்பர் விண்கலம் புறப்பட்டிருக்கிறது. 2030இல் போய்ச் சேரும்.

அக்காவிடம் சொன்னேன்.

"அங்கே கூலி எவ்வளவாம்?" என்று கேட்டுவிட்டு உப்பு வாரப் போய்விட்டார்.