ஒன்றா, இரண்டா?

மார்ச் 3

ஐவிஎஃப், அதாவது டெஸ்ட் டியூப் குழந்தை சிகிச்சைக்காக முட்டை எடுத்தாயிற்று. வயிறு உப்பிப் போய், உட்கார்ந்தால் எழ முடியவில்லை. "கருப்பையில எத்தனை கரு வைக்கலாம்னு யோசிச்சுட்டு வாங்க" என்றார் டாக்டர். வீட்டில் யோசனையே தேவைப்படவில்லை. "ரெண்டா வெக்கச் சொல்லு, ஒரே பிரசவத்துல முடிஞ்சிடும்" என்றார் அத்தை. இவ்வளவு செலவழித்த பிறகு அப்படித் தோன்றுவது இயல்புதான்.

மார்ச் 5

டாக்டரைக் குடைந்துவிட்டேன். இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகின்றனவாம். தாய்க்கும் ரத்த அழுத்தம், பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு எல்லாமே கூடுதல். மூன்று, நான்கு தங்கிவிட்டால் கருக்குறைப்பு, அதாவது சில கருக்களை வயிற்றிலேயே நிறுத்திவிடுவது பற்றிப் பேச வேண்டிவரும். அதில் மிச்சக் கருவும் கலையலாம். தங்கிய பிறகு எதை விடுவது என்று தவிப்பதைவிட, வைக்கும்போதே எண்ணி வைப்பது மேல்.

மார்ச் 6

இரவெல்லாம் படிப்பு. 2004இல் வெளியான ஸ்காண்டிநேவிய நாடுகளின் ஆய்வு ஒன்று. 36 வயதுக்குட்பட்ட பெண்களில் ஒரு பிரிவுக்கு இரண்டு கருக்களைச் சேர்த்து வைத்தார்கள். மறு பிரிவுக்கு ஒன்று. அது பலிக்காவிட்டால், உறைய வைத்ததில் இன்னொன்று. குழந்தை பெற்றவர்கள் முதல் பிரிவில் 42.9 சதவீதம், இரண்டாவதில் 38.8 சதவீதம். பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பிரசவங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தது முதல் பிரிவில் 33.1 சதவீதம், இரண்டாவதில் வெறும் 0.8!

பெல்ஜியத்தில் 2003 முதல் கருக்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திய கையோடு, ஆறு சிகிச்சைச் சுழற்சி வரை ஆய்வகச் செலவையும் அரசுக் காப்பீடே ஏற்றது. அதுதான் சரி. அடுத்த முறைக்குப் பணமிருக்குமா என்று தெரியாதவளிடம் "ஒன்று போதும்" என்று உபதேசிப்பது சுலபம்.

மார்ச் 8

ஐந்தாம் நாள் கரு. ஒன்றுதான் வைத்தார்கள், மிச்சம் உறைநிலையில். அந்த ஒன்றே அபூர்வமாக இரண்டாகப் பிரியலாம் என்றும் டாக்டர் சொல்லி வைத்தார்.

காத்திருந்த இடத்தில் ஒரு பெண் கோபமாக இருந்தார். அவருக்கு முட்டை வளர ஊசி போட்டு ஐயூஐ, அதாவது விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்தும் முறை. நான்கு முட்டைகள் முதிர்ந்துவிட்டதால் இந்த மாதம் வேண்டாமென்று நிறுத்திவிட்டார்களாம். அந்த முறையில் எத்தனை கருத்தரிக்கும் என்பது யார் கையிலும் இல்லை. நிறுத்தியது நியாயம்தான். ஆனால் போட்டுக்கொண்ட ஊசியும் கட்டிய பணமும் அவருடையதாயிற்றே, அதை நான் எப்படிச் சொல்ல?

மார்ச் 9

"மீதி கரு எத்தனை நாள் தாங்கும்?" என்றார் அத்தை. வருஷக்கணக்கில் என்றேன். நம்பவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் அவரே கேட்கப்போகிறாராம். சரி, கேட்கட்டும். எனக்கு, கரு தங்குவதற்காகத் தரும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மாத்திரையில் தூக்கம் தூக்கமாக வருகிறது.