பிஸ்கட் டின்னில் 75 கியாட்

2025 செப்டம்பர் 5, வெள்ளி. ரங்கூன்

மூன்று நாளாக மழை விடவில்லை. சுவர் வழியே ஈரம் இறங்கி அம்மாவின் தகரப் பெட்டி வரைக்கும் போய்விட்டது. உள்ளிருந்த துணிகளை எடுத்து உதறிக்கொண்டிருந்தபோது அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றிய பிஸ்கட் டின் கைக்கு வந்தது. அப்பாவின் பத்திரங்கள் என்று சொல்லி அம்மா இத்தனை காலம் தொடாமல் வைத்திருந்த டின் அது. மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்தேன்.

பத்திரம் எதுவும் இல்லை. நூல் கட்டிய நோட்டுகள்தான். 75 கியாட் நோட்டுகள் 140, 35 கியாட் நோட்டுகள் 32. மொத்தம் 11,620 கியாட். அச்சகத்தில் மாதம் முந்நூறு வாங்கிய மனிதருக்கு அது மூன்று ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல்.

நாட்காட்டியைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. 1987இல் இதே செப்டம்பர் 5. அன்று சனிக்கிழமை. 25, 35, 75 கியாட் நோட்டுகள் இனிச் செல்லாது என்று வானொலியில் அறிவித்தார்கள். மாற்றித் தரும் ஏற்பாடும் கிடையாது. நாட்டில் புழங்கிய பணத்தில் பெரும்பகுதி அந்த ஒரு நாளில் வெறும் காகிதமானது. எனக்கு அப்போது பதினான்கு வயது. அப்பா அன்று மாலை வரை திண்ணையை விட்டு எழவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஏன் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

நோட்டுகளை அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் மடியிலேயே வைத்திருந்தார். அழவில்லை. “எனக்குத் தெரியாதே அம்மாடி” என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

பிறகு சொல்லத் தொடங்கினார். 1985 நவம்பரில் 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கியபோது அப்பா வங்கி வாசலில் இரண்டு நாள் நின்றாராம். ஓர் அளவுக்கு மேல் மாற்றித் தரவில்லை. மிச்சம் போனது. ஒரு வாரத்தில் புது 75 கியாட் நோட்டு வந்தது. பழையதை ஒழித்துவிட்டு வந்த புதியது, இதற்கு ஆபத்து வராது என்று அப்பா நம்பியிருக்கிறார். வங்கியில் மாற்றிக் கிடைத்த பழைய சேமிப்பையும், சம்பளத்தையும், இரவு வேலைக் கூலியையும் 75ஆகப் பார்த்து வாங்கிச் சேர்த்திருக்கிறார். இரண்டே ஆண்டில் அதுவும் போனது.

இப்படி நடப்பது முதல்முறையும் இல்லை. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. அதற்கும் முன்னால், 1945இல் ஜப்பான்காரர்கள் தோற்றபோது அவர்கள் அச்சடித்த ரூபாய் நோட்டு அடுப்பெரிக்கத்தான் உதவியது. தாத்தா வீட்டில் ஒரு சாக்கு நிறைய ஜப்பான் நோட்டு கிடந்ததை அம்மா சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறார்.

கடைசியில் அம்மா சொன்னது என்னை இரவு முழுக்கத் தூங்கவிடவில்லை. “என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தீபாவளிக்குள்ளேயே வளையலாக்கியிருப்பேன்.”

அப்பா நல்லவர். குடிக்கவில்லை, சூதாடவில்லை. வீட்டுக்காகத்தான் சேர்த்தார். ஆனால் சேர்ப்பதை ஒரு தலைக்குள்ளேயே பூட்டிக்கொண்டார். வேறு யோசனை சொல்லக்கூடியவர் பக்கத்திலேயே படுத்திருந்தார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்: “நான் நாளைக்கு இல்லாமல் போனால், தையல் கடைக்கு யார் யார் பணம் தர வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா?” தெரியாது என்றார். அவர் யாருக்குக் கைமாற்றுக் கொடுத்திருக்கிறார் என்பது எனக்கும் தெரியாது. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன்.

செப்டம்பர் 13, சனி

நோட்டில் நான்கு பக்கம் நிரம்பிவிட்டது. வர வேண்டியவை, கொடுக்க வேண்டியவை, நகை, வங்கிக் கணக்கு, கைப்பேசியில் இருக்கும் பணம், கட்டும் சீட்டு. கணக்கு எண்ணை எழுதினேன். கடவுச்சொல்லையும் ரகசிய எண்ணையும் எழுதவில்லை. நோட்டு யார் கையிலாவது சிக்கினாலும் பணம் எடுக்க முடியாதபடி இருக்க வேண்டும்.

குடும்பப் பட்டியலையும் எல்லோருடைய அடையாள அட்டையையும் நகலெடுத்துத் தம்பி வீட்டில் ஒரு பிரதி கொடுத்து வைத்தேன். மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மாந்தலேயில் வீட்டை இழந்தவர்கள் அட்டையும் இல்லாமல் பட்ட பாட்டைக் கேட்டிருக்கிறோம். வங்கியில் பணம் இருந்தாலும், நான்தான் இவள் என்று காட்ட ஒரு காகிதம் வேண்டும்.

கையில் எவ்வளவு ரொக்கம் வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஏடிஎம் வாசலில் விடியற்காலை நான்கு மணிக்கு நின்றவர் என் வீட்டுக்காரர். கைப்பேசியில் இருந்த சொந்தப் பணத்தை நோட்டாக மாற்ற முகவருக்குக் கமிஷன் கொடுத்தோம். அதனால் எல்லாமே வீட்டில் இருக்கட்டும் என்கிறார். ஆனால் 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 1,330 கியாட். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசாங்க விலையே 2,100. வெளிச்சந்தையில் அதற்கும் மேல். திருடன் வராமலே பெட்டிக்குள் பணம் கரைகிறது. இரண்டு மாதச் செலவுக்கு ரொக்கம், மீதியைப் பிரித்து வைப்பது என்று முடிவு செய்தோம். அவருக்கு இன்னும் முழு மனதில்லை. அவர் பயம் எனக்குப் புரிகிறது.

செப்டம்பர் 20, சனி

மோல்மேனிலிருந்து தங்கை அழுதுகொண்டே பேசினாள். ஐந்து லட்சம் கியாட் போய்விட்டது.

வியாழக்கிழமை இரவு தம்பி மகனின் முகநூல் கணக்கிலிருந்து அவளுக்குச் செய்தி வந்திருக்கிறது. நண்பன் விபத்தில் அடிபட்டுவிட்டான், மருத்துவமனையில் உடனே கட்ட வேண்டும், என் கைப்பேசியில் சார்ஜ் இல்லை, பேச முடியாது, இந்த எண்ணுக்கு அனுப்புங்கள், நாளைக்குத் தருகிறேன். மின்சாரம் இல்லாத நேரம். சார்ஜ் இல்லை என்றால் இந்த ஊரில் யார்தான் நம்பமாட்டார்கள்? அனுப்பிவிட்டாள். காலையில் அவனை அழைத்தபோது அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. உடனே வாடிக்கையாளர் சேவைக்குப் பேசியிருக்கிறாள். பணம் இரவே வேறு ஊர் முகவர் ஒருவரிடம் ரொக்கமாக எடுக்கப்பட்டுவிட்டது. அவசரப்படுத்துவதன் காரணமே இதுதான். நாம் யோசிப்பதற்குள் அது கை மாறிவிட வேண்டும்.

அவன் கணக்கு எப்படிப் பறிபோனது என்று விசாரித்தேன். குழந்தைகள் அழகுப் போட்டிக்கு வாக்களிக்கச் சொல்லி நண்பர் பெயரில் ஓர் இணைப்பு வந்திருக்கிறது. திறந்தால் முகநூல் போலவே ஒரு பக்கம். அதில் கடவுச்சொல்லைத் தட்டியிருக்கிறான். பிறகு கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணையும் கேட்டிருக்கிறார்கள். அதையும் கொடுத்திருக்கிறான்.

செய்தியைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். படித்தேன். முழுக்கப் பர்மிய மொழி. “அடோ” என்று அழைத்திருக்கிறது. அந்தப் பையன் பிறந்ததிலிருந்து அவளை அத்தை என்றுதான் கூப்பிடுகிறான். எழுதும்போதும் ஆங்கில எழுத்தில் தமிழாகத்தான் எழுதுவான். பதற்றத்தில் அவள் கவனிக்கவில்லை. அவளைத் திட்டக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். திட்டினால் அடுத்த முறை நடப்பதை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். அப்பா சொல்லாமல் இருந்ததுபோல.

செப்டம்பர் 23, செவ்வாய்

குடும்பத்துக்குள் ஒரு ஏற்பாடு. பணம் கேட்டு எழுத்தில் எது வந்தாலும், குரலைக் கேட்காமல் அனுப்புவதில்லை. குரலையும் நம்ப முடியாதபோது ஒரு கேள்வி: பாட்டி வீட்டுப் பூனைக்கு வைத்திருந்த பெயர் என்ன? அது எங்கும் எழுதப்படாத பெயர். இங்கும் எழுதமாட்டேன்.

அக்டோபர் 4, சனி

தங்கைக்கு உதவ அம்மா தன் மோதிரத்தை விற்கச் சொன்னார். அவரையும் அழைத்துக்கொண்டு முகல் தெருவுக்குப் போனேன். முதல் நகைக் கடையில் உரசிப் பார்த்துவிட்டு, வாங்கியபோது தந்த ரசீதான வவுச்சர் எங்கே என்றார்கள். இல்லை என்றதும் விலையை நன்றாகக் குறைத்தார்கள். அம்மா மோதிரத்தை வாங்கி விரலில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

வீடு திரும்பி எல்லாப் பைகளையும் கொட்டித் தேடியதில், பஞ்சாங்கத்துக்குள் மடித்த வவுச்சர் கிடைத்தது. வாங்கிய கடைக்கே மறுபடி போனோம். அவர்கள் விற்ற பொருளை அவர்களே வாங்கும்போது கழிவு குறைவு. செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது, அது எந்தக் கடையிலும் அப்படித்தான். சேமிப்புக்காக வாங்குவதென்றால் வேலைப்பாடு இல்லாத பொருளாக வாங்க வேண்டும் என்று அங்கிருந்த பெரியவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இங்கே தங்க எடைக் கணக்கு கியாத்தாவில், ஒரு கியாத்தாவுக்கு 16 பே. ஒரு கியாத்தா 16 கிராமுக்குக் கொஞ்சம் மேல், நம் பவுனுக்கு இரண்டு பவுனும் கொஞ்சமும். தமிழ்நாட்டு உறவினர்களோடு பேசும்போது இதில் அடிக்கடி குழப்பம் வருகிறது.

எல்லா வவுச்சர்களையும் இப்போது ஒரே உறையில் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

சீட்டுக் கட்டும் நாள். பத்துப் பேர், மாதம் ஒரு லட்சம், குலுக்கல் முறை. பதினைந்து ஆண்டாக ஒரே தெருப் பெண்கள். பெயரும் வரிசையும் எழுதிய தாளை இன்று எல்லோருக்கும் படியெடுத்துக் கொடுத்தேன். முதலில் முகம் சுளித்தவர்களும் வாங்கிக்கொண்டார்கள். இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு சேர்ந்து சீட்டுக் கட்டும் இளம்பெண் ஒருத்தியைப் பற்றியும் பேச்சு வந்தது. முதல் முறை எடுத்தவர் ஊரை விட்டுப் போனால் எந்தக் கதவைத் தட்டுவாள்? நாளை அவளைப் பார்த்துப் பேசப் போகிறேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. மாவு பிசைந்துகொண்டிருந்தபோது மகன் அந்தக் கணக்கு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். “அம்மா, இதில் எனக்கு எண்கள் மட்டும்தான் புரிகிறது” என்றான்.

கை அப்படியே நின்றுவிட்டது. அவன் படித்தது பர்மியப் பள்ளி. தமிழ் பேசுவான். கோயில் வகுப்பில் எழுத்துக் கற்றதைப் பாதியில் விட்டுவிட்டான். ஆறு வாரமாக நான் எழுதியது எனக்கும் அம்மாவுக்கும் என் வீட்டுக்காரருக்கும்தான் படிக்கத் தெரியும். எங்களுக்குப் பிறகு இதைத் திறக்க வேண்டியவனுக்கு அது இன்னொரு பிஸ்கட் டின்.

முறுக்கைப் பிறகு சுடலாம் என்று கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். நான் வாசிக்க வாசிக்க, அவன் எதிர்ப்பக்கத்தில் பர்மிய எழுத்தில் எழுதினான். கைமாற்று என்றால் என்ன, அடகு என்றால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் நிறுத்திக் கேட்டான். ஒன்பதாம் பக்கம் வந்தபோது அம்மா உள்ளிருந்து வந்து பக்கத்தில் அமர்ந்தார். “இன்னொன்றும் இருக்கிறது, எழுதிக்கொள் ராஜா” என்று பேரனிடம் சொல்லிவிட்டு, நான் இதுவரை கேட்டேயிராத ஒரு சங்கிலியின் எடையைச் சொன்னார்.